மஃபாத்துக்குச் சாலை – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் பெரியகுளத்துக்காரன், சென்னையில் ஐ.டி. வேலை. ரீயூனியன் தீவின் மஃபாத் மலையூர்களைப் பற்றி நீங்கள் தளத்தில் எழுதிய குறிப்பை மூன்று தடவை படித்துவிட்டேன். 'காலம் நின்றுபோன ஊர்' என்ற உங்கள் வரியை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் போகணும், போகணும் என்கிறார்கள். காரே போகாத ஊர், கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் மலைச்சுவர், சத்தமே இல்லாத இரவு. எங்கள் பக்கம் கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி என்று ஒரு ஊர் உண்டு. அங்கேயும் நடந்துதான் போகணும், சாமானெல்லாம் குதிரையில்தான் ஏறும். இரண்டு தடவை ட்ரெக்கிங் போயிருக்கிறேன். உங்கள் குறிப்பைப் படித்ததும் அந்த ஞாபகம் வந்துவிட்டது.

சில கேள்விகள். மஃபாத் மாதிரி இடத்தில் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட முடியுமா? வெளிநாட்டுக்காரனுக்குக் கொடுப்பார்களா? அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா? இல்லையென்றால், நம்ம ஆட்கள் ஏன் இவ்வளவு அழகான மலையை விட்டுவிட்டுக் கரும்புக்காட்டிலேயே கிடந்தார்கள்? அப்புறம், அங்கே சாலை போடும் திட்டம் ஏதாவது இருக்கிறதா? தயவுசெய்து இல்லை என்று சொல்லுங்கள். சாலை வந்தால் எல்லாம் போச்சு.

அடுத்த வருடம் வரலாம் என்று இருக்கிறேன். வரும்போது உங்களுக்கு என்ன கொண்டுவரட்டும்?

அன்புடன்,
க.

அன்புள்ள தம்பி,

'காலம் நின்றுபோன ஊர்' என்னுடைய வரிதான். தேதியோடு தளத்தில் கிடக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அதை நீங்கள் எடுத்துப் போட்டுக் காட்டியபோது படிக்கக் கூச்சமாக இருந்தது. அந்தக் குறிப்பை எழுதிய பிறகு இரண்டு தடவை மேலே போய்த் தங்கிவிட்டு வந்தேன். இன்றைக்கு எழுதினால் அந்த வரி வராது. ஏன் என்று இந்தப் பதிலில் எங்காவது சொல்லிவிடுவேன்.

குறிப்பைப் படிக்காதவர்களுக்காக இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பெருங்கடலில், பிரான்சின் ஆட்சியில் இருக்கிற இந்தத் தீவின் நடுவில் பித்தோன் தே நேழ் என்ற அணைந்த எரிமலை நிற்கிறது. உயரம் 3,070 மீட்டர். அதைச் சுற்றி மலை இடிந்து விழுந்தும் ஆறு அரித்தும் உண்டான மூன்று பெரிய பள்ளங்கள்: சலாசி, சிலாவோஸ், மஃபாத். கிண்ணத்தின் விளிம்பு மாதிரி செங்குத்தான பாறைச்சுவர் சுற்றி நிற்கும். சலாசிக்குச் சாலை உண்டு. சிலாவோசுக்கு 1932-ல் சாலை போட்டார்கள், நானூறு வளைவுக்கு மேல் இருக்கும், வாந்தி எடுக்காமல் போய்ச்சேர்ந்தால் கெட்டிக்காரர். மஃபாத்துக்கு இன்றைக்கும் சாலை இல்லை.

மஃபாத் பள்ளத்துக்குள்ளே தரை சமமாக இருக்காது. முகடும் ஓடைப்பிளவுமாகக் கிழிந்து கிடக்கும். நடுநடுவே மேசை போல ஒரு துண்டு நிலம் வரும், அதில் கொஞ்சம் வீடுகள். அந்தத் துண்டுக்கு இங்கே 'இலெட்' என்று பெயர். குட்டித்தீவு என்று அர்த்தம். தண்ணீருக்குப் பதில் நாலு பக்கமும் பள்ளம் சூழ்ந்த தீவு. லா நூவெல், மார்லா, ரோஷ் ப்ளாத், ஒரேர் என்று பத்துப் பதினைந்து இருக்கும். மார்லாதான் உயரத்தில் இருப்பது, 1,600 மீட்டர். எல்லா ஊரையும் சேர்த்தால் எழுநூறு எண்ணூறு பேர்தான். சில இலெட்டில் ஒரு கல்யாணப் பந்தி வைத்தால் ஊரே முதல் பந்தியில் முடிந்துவிடும்.

நிலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்: வாங்க முடியாது. நீங்கள் மட்டுமில்லை, அங்கேயே பிறந்தவர்களும் வாங்க முடியாது. அது அரசு நிலம், வனத்துறை நிர்வாகம். குடியிருப்பவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கி வாடகை கட்டி இருக்கிறார்கள். தாத்தா கட்டின வீடு என்பார்கள், வீட்டுக்கு அடியில் இருக்கிற மண் அரசாங்கத்துடையது. 2007-ல் தேசியப் பூங்கா வந்தது, 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதற்குப் பிறகு ஒரு தகரக் கொட்டகையை நீட்டிக் கட்டுவதற்குக் கூடக் காகிதம் வேண்டும். நீங்கள் பார்த்து ரசித்த அந்தப் படங்களில் ஒரு கான்கிரீட் மாடிகூட இல்லாததற்கு ஊர்க்காரர்களின் ரசனை மட்டும் காரணமில்லை.

சரி, தமிழர்கள்.

'நம்ம ஆட்கள் ஏன் விட்டுவிட்டார்கள்' என்று கேட்டீர்கள். விட்டுவிட வேண்டுமென்றால் முதலில் கையில் இருந்திருக்க வேண்டும், தம்பி. அந்த மலைப்பள்ளத்துக்கு முதலில் ஓடிப்போனவர்கள் அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவந்த சனங்கள், கடற்கரைத் தோட்டங்களிலிருந்து தப்பி மேலே ஒளிந்தார்கள். மஃபாத் என்பதே அப்படி ஒளிந்திருந்த ஒரு தலைவனின் பெயர். 1751-ல் முசார் என்ற வேட்டைக்காரனின் கூட்டம் அவனைக் கொன்றது. மானை வேட்டையாடுகிறவன் இல்லை, ஓடிப்போன மனிதர்களைத் தேடிப் பிடிப்பதே அவன் தொழில். 1848 டிசம்பர் 20-ல் அடிமைமுறை ஒழிந்தது. அதையொட்டி விடுதலையானவர்களும், கடற்கரையில் பிழைக்க நிலம் இல்லாத ஏழை வெள்ளைக்காரர்களும் மேலே ஏறிக் குடியேறினார்கள். அந்த வெள்ளைக்காரர்களை இங்கே 'யாப்' என்பார்கள்.

அடிமைகள் விட்டுப்போன தோட்டங்களில் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே, அதற்குத்தான் புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து நம் ஆட்கள் கப்பலேறினார்கள். 1860-ல் பிரிட்டிஷ்காரர்களோடு பிரெஞ்சுக்காரர்கள் ஒப்பந்தம் போட்ட பிறகு ஆள் வரத்து பெருகியது. இங்கே நடந்த நடத்தையைப் பார்த்து 1882-ல் பிரிட்டிஷ் அரசே அதை நிறுத்தியது. ஐந்து வருட ஒப்பந்தம். அனுமதி இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே திரிந்தால் 'நாடோடி' என்று பிடித்துத் தண்டனை. மலையின் அழகைப் பார்த்து ஏறிப்போகிற நிலையிலா இருந்தார்கள்? அவர்கள் கோயில்கூட ஆலைக்குப் பக்கத்தில்தான். இன்றைக்கும் இங்கே பழைய அம்மன் கோயில் ஒன்றைத் தேட வேண்டுமானால், பக்கத்தில் சர்க்கரை ஆலை புகைபோக்கி நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஆலை மூடி, புகைபோக்கி மட்டும் செங்கல் தூணாக நிற்கும். கோயிலில் தீமிதி நடக்கும்.

நான் காரைக்காலில் பிறந்து, கல்யாணமாகி விமானத்தில் சேன்-ஆந்த்ரேக்கு வந்தவள். என் வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா அதே காரைக்காலிலிருந்து கப்பலில் வந்தவர். இங்கே எங்களை 'மல்பார்' என்பார்கள், மலபாருக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாலும். மாமியாருக்குத் தமிழ் பேச வராது, பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். ஆனால் சமையல்கட்டில் நின்றால் கறிவேப்பிலைக்கு 'கலுப்பிலே', பீர்க்கங்காய்க்கு 'பிப்பங்காய்' என்பார். வந்த புதிதில் அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது நானே மார்க்கெட்டில் 'கலுப்பிலே' என்றுதான் கேட்கிறேன்.

அந்த மாமியார் அறுபது வயதுவரை மஃபாத்தைப் பார்த்ததே இல்லை. முப்பது நாற்பது கிலோமீட்டர் தூரம்தான். 'மேலே யாப் சனங்க இருப்பாங்க, குளிரும், அங்கே நமக்கு என்ன இருக்கு' என்பார். ஒரு நாள் வற்புறுத்தி மாயிதோ என்கிற முகட்டுக்குக் காரில் கூட்டிப்போனோம். 2,200 மீட்டர் உயரம், விளிம்பில் கம்பி போட்டிருப்பார்கள், எட்டிப் பார்த்தால் மஃபாத் முழுவதும் காலடியில். காலை ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும், அப்புறம் மேகம் ஏறி மூடிவிடும். அன்றைக்கு மூடவில்லை. ஆயிரம் மீட்டருக்கும் கீழே ரோஷ் ப்ளாத் ஊரின் தகரக் கூரைகள் தீப்பெட்டி மாதிரி மின்னின. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கிரியோலில் கேட்டார்: "அரிசியை யார் தூக்கிட்டுப் போறது?"

அந்தக் குறிப்பில் முகட்டையும் மேகத்தையும் மின்னிய கூரையையும் எழுதினேன். மாமியார் கேட்டதை எழுதவில்லை. அழகைக் கெடுக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும்.

யார் தூக்கிப் போவது என்பதை அப்புறம்தான் நேரில் பார்த்தேன். சலாசி பக்கமிருந்து 'கோல் தே பெஃப்' வழியாகப் போனோம், மாட்டுக் கணவாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரை நிறுத்திவிட்டு லா நூவெல்லுக்கு இரண்டு மணிநேர நடை, எனக்கு மூன்று. வழியில் 'தமரேன் சமவெளி' என்று ஒரு இடம் வரும். தமரேன் என்றால் புளி. புளியமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம் என்று ஆசையாகப் போனேன். ஒரு புளியமரம்கூட இல்லை. அது மலைத் தமரேன், நம் வேலமரத்துக்குச் சொந்தம். புயலில் சாய்ந்து, படுத்தவாக்கில் மறுபடி துளிர்த்து, பாசி தொங்க நிற்கிற மரங்கள். பார்க்க அழகுதான், சாம்பாருக்கு ஆகாது.

அந்த இடத்தில்தான் ஒரு ஆள் எங்களைத் தாண்டிப் போனார். ஐம்பது வயது இருக்கும், ரப்பர் செருப்பு. முதுகில் கோழித்தீவன மூட்டை, அதன்மேல் ஒரு பள்ளிக்கூடப் பை, கையில் முட்டை அட்டை. 'போன்ழூர்' சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். என் பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் மழைக்கோட்டும். அதையே இரண்டு தடவை வீட்டுக்காரரிடம் மாற்றியிருந்தேன்.

பெரிய சாமான்கள் ஹெலிகாப்டரில் வரும். சிமெண்டு, கேஸ் சிலிண்டர், பீர், சோலார் பலகை எல்லாம் வலையில் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவருவார்கள். குப்பையும் அதிலேயே கீழே போகும். ஒவ்வொரு தூக்குக்கும் காசு, அதனால் நாலைந்து வீடு சேர்ந்து ஏற்பாடு செய்வார்கள். வலையில் இடம் போதாமல் விட்டுப்போனது முதுகில் வரும். தபால் நடந்துதான் வந்தது. இவ்ரேன் போசே என்ற தபால்காரர் 1951-லிருந்து 1991 வரை நாற்பது வருடம் இந்த ஊர்களுக்குக் கடிதப் பையைச் சுமந்து நடந்தார். தீவில் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. தபால் மட்டும் இல்லை, மருந்து, சேதி, சண்டை சமாதானம் எல்லாம் அவர் வழியாகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சத்தமே இல்லாத இரவு என்று எழுதியிருந்தீர்கள். இரவு சரி. காலை ஏழு மணிக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும். சாமான் ஹெலிகாப்டர் இல்லை, சுற்றுலா ஹெலிகாப்டர். மேகம் ஏறுவதற்குள் மேலேயிருந்து பார்த்துவிட வேண்டும் என்று கடற்கரையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். கிண்ணம் போன்ற பள்ளம், சத்தம் சுவரில் முட்டி முட்டித் திரும்பும். பேசிக்கொண்டிருக்கிறவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள், அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். காரைக்காலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது அப்பா இப்படித்தான் செய்வார்.

நாங்கள் தங்கிய விடுதியம்மாவுக்கு என் வயதுதான். பத்துப் பேர் படுக்கும் கொட்டகை, சோறு, பீன்ஸ், தக்காளி ருகாய், சௌசௌ கொழுந்துக் கீரை. உங்கள் பக்கம் மேரக்காய் என்பீர்களே, அதேதான். காயைவிடக் கொழுந்துக்குத்தான் இங்கே மவுசு. 'ருகாய்' நம் ஊறுகாயிலிருந்து வந்த சொல் என்பார்கள். சாப்பிடும்போது குழம்பில் கலுப்பிலே வாசம். எப்படி என்று கேட்டேன். கூட்டிப்போய்க் காட்டினார். பின்கட்டில், காற்றுப் படாத மூலையில், பெயிண்ட் டப்பாவில் ஒரு செடி. முழங்கை உயரம்கூட இல்லை, பாதி இலை மஞ்சள். கடற்கரையில் மரமாக வளர்வது, அங்கே ஜூலைக் குளிரில் சுருண்டுவிடுகிறது. வலையில் போட்டால் ஒடிந்துவிடும் என்று டப்பாவோடு மடியில் வைத்து காரில் வந்து, அப்புறம் கையில் தூக்கி நடந்தாராம். உங்கள் வீட்டில் மல்பார் யாராவது உண்டா என்று கேட்டேன். "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்" என்றார். ஆக, உங்கள் கேள்விக்கு அதுதான் பதில். தமிழர்கள் இருக்கிறார்களா என்றால், கொஞ்சம் கொஞ்சம்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பேச்சு குறைந்துவிட்டது. பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, அவர் மகள், முற்றத்தில் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் தொடக்கப்பள்ளி உண்டு. ஆறாம் வகுப்புக்குக் கீழே போகணும். திங்கள் முதல் வெள்ளிவரை கடற்கரையில் அத்தை வீடு, வெள்ளிக்கிழமை மறுபடி ஏற்றம். அம்மா பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் எடைபார்த்தார். ஒரு பாட்டில் பழக்கூழ் வைத்திருந்தார். எடுத்தார், வைத்தார், கடைசியில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பெரிய பையன்களோடு வேலியைத் தாண்டி நடந்துபோனாள். ஓடைப்பிளவின் அந்தப் பக்கம் ஏறும்போது சிவப்புப் பை மட்டும் தெரிந்தது. அம்மா அது மறையும்வரை நின்றுவிட்டு, பழக்கூழை எங்களுக்கு ரொட்டியோடு கொடுத்தார். நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

காலம் நின்றுபோன ஊர் என்று எழுதினேனே, வாராவாரம் ஒரு பிள்ளை பள்ளிக்கூட மணிக்குக் கட்டுப்பட்டு மலையிறங்குகிற ஊர் அது.

இப்போது சாலை. போடும் திட்டம் எதுவும் கண்ணில் படவில்லை, நிம்மதியாக இருங்கள். அழகு மட்டும் காரணமில்லை, அந்த மலையில் மண் நிற்காது. பக்கத்துப் பள்ளமான சலாசியில் 1875 நவம்பரில் கிராந்த் சாப்ல் என்ற ஊரின்மேல் மலை சரிந்து அறுபது பேருக்கு மேல் புதைந்துபோனார்கள். மழையும் சாதாரண மழை இல்லை. 2007-ல் கமெத் புயலின்போது இந்தத் தீவில் இன்னும் அணையாத இன்னொரு எரிமலையின் பக்கம் மூன்றே நாளில் 3,929 மில்லிமீட்டர் பெய்தது, உலக சாதனை. நம் ஊரில் இரண்டு வருடத்தில்கூட அவ்வளவு பெய்யாது. 2025 பிப்ரவரி 28-ல் கரான்ஸ் புயல் அடித்தபோது மலைப்பாதைகளை மூடிவிட்டார்கள். இருக்கிற ஒற்றையடிப் பாதையைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

ஆனால் சாலை வேண்டாம் என்று நீங்கள் கெஞ்சுவதுதான் எனக்கு உறுத்துகிறது. அங்கேயே கேட்டுப் பார்த்தேன். விடுதியம்மாவுக்கு வேண்டாம். "ரோடு வந்தா நீ இங்கே தூங்கமாட்டே. காப்பி குடிச்சிட்டு சாயங்காலமே இறங்கிடுவே" என்றார். கணக்குத் தெரிந்தவர். அவர் அண்ணனுக்கு வேண்டும். முட்டி தேய்ந்துபோய், வீட்டைச் சுற்றியே நடமாட்டம், டாக்டர் முறைவைத்து ஹெலிகாப்டரில் வருகிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இரண்டு பதில். அவர்களுக்குள்ளேயே தீராத வழக்கில் நானும் நீங்களும் போய் வாக்களிக்க என்ன இருக்கிறது?

வெள்ளகவிக்கு இரண்டு தடவை போனதாகச் சொன்னீர்கள். அந்தக் குதிரைக்காரரோடு பேசினீர்களா? காப்பிக்கொட்டை மூட்டை ஒன்றைக் கீழே இறக்க என்ன கூலி, சந்தையில் என்ன விலை, மிச்சம் எவ்வளவு? நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவந்த செய்தியை உங்கள் ஊர்ப் பத்திரிகையிலேயே பார்த்திருப்பீர்கள். குத்திக்காட்டுவதற்குச் சொல்லவில்லை. நானும் மாயிதோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான். அடுத்த தடவை போனால் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள், தளத்தில் போடுகிறேன். என் குறிப்பைவிட அது நன்றாக இருக்கும்.

வருவதாக இருந்தால் மே முதல் அக்டோபருக்குள் வாருங்கள், மழை குறைவு. ஜூலை, ஆகஸ்டில் இரவு குளிர் எலும்பைத் தொடும், கம்பளி வேண்டும். மேலே ஏ.டி.எம். கிடையாது, கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பீர் விலையைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், அது ஹெலிகாப்டரில் வந்த பீர். உங்கள் குப்பையை நீங்களே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

எனக்கு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டீர்கள். கறிவேப்பிலைக் கன்று, விதை ஏதும் வேண்டாம். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சி அந்தச் செடியில் தங்கும், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம், அந்த விடுதியம்மாவுக்குக் கொஞ்சம் முறுக்கு கொண்டுவாருங்கள். காரைக்காலிலிருந்து வந்ததைப் போனமுறை கொடுத்தேன், கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். எடையும் இல்லை. ஆனால் நொறுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கணவாயிலிருந்து இரண்டு மணிநேரம் நீங்கள்தான் தூக்கி நடக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா